ஒன்றாம் நம்பர்க் கம்பம்

ஒழுங்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மூன்று பொருள்கள் தம்பாட்டுக்கு அருகருகே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இவரால் சும்மா இருக்க முடியாது. மூன்று செருப்பானாலும் சரி, மூன்று மாடானாலும் சரி, மூன்று படகானாலும் சரி, ஒரு பெருமூச்சு விடுவார், சட்டைப் பையில் பென்சிலைத் தேடுவார், "இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வரணும்" என்பார். அந்தப் பெருமூச்சுக்கு அடுத்த வாரம் ஒரு பலகை தொங்கும். அதற்கு அடுத்த வாரம் சீட்டு வரும். சீட்டுக்குக் காசு வரும். காசு யாருக்குப் போகிறது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறீர்கள். ஒழுங்குக்காரர் ஒரு செப்புக் காசைத் தொடமாட்டார். காசு தின்கிறவன் வயிறு நிறைந்ததும் நிறுத்துவான். இவருக்கு வயிறே கிடையாது.

ஈப்போவில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். காம்பாரில் கமிட்டிக்கு இருவர். ஆனால் அப்பழுக்கில்லாத ஒரு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், 1927ஆம் வருஷத்தில், தெலுக் ஆன்சனுக்குக் கொஞ்சம் மேலே, பேராக் ஆற்றங்கரையில் இருந்த ஆத்துமுனைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆபீசில் கணக்கெழுதும் இரண்டாவது கிராணியாக இருந்தவர் பெரியநாயகம்.

ஆத்துமுனைக்குச் சாலை கிடையாது. மூன்று பக்கம் ஆறு, நான்காம் பக்கம் இடுப்பளவு சதுப்பு. ரப்பர் போவதும், அரிசி வருவதும், மணப்பெண் வருவதும், பிணம் போவதும் படகில்தான். அக்கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளையோ மாட்டு வண்டியையோ விட்டுவிட்டுச் சம்பானில் ஏறி வரவேண்டும். இக்கரையில் ஆற்றுக்குள் அறுபதடி நீளும் ஒரு மரத்துறை. அதில் எவர் படகை எங்கே கட்டுவது? யாரும் யாருக்கும் சொன்னதில்லை. காய்ச்சல்காரனை ஏற்றிய படகுக்கு எல்லாரும் விலகுவார்கள். மீன் சம்பான் காற்றுக்குக் கீழே ஒதுங்கிக்கொள்ளும். கடல் பெருக்கு ஆற்றில் ஏறும்போது கரையோரம் கட்டுவார்கள். வற்றம் வந்து தண்ணீர் இறங்கும்போது துறையின் நுனிக்கு நகர்ந்துகொள்வார்கள். நாற்பது வருஷமாக இப்படி.

அந்த வருஷம் வந்த பெருவெள்ளம் பழைய துறையைக் கடலுக்கு அனுப்பிவிட்டது. புதுத் துறை கட்டினார்கள். படகு கட்டப் பதினான்கு புதுக் கம்பங்கள். பெரியநாயகம் பார்த்தார். ஒன்றிலும் நம்பர் இல்லை. மனுஷனுக்குச் சோறு இறங்குமா?

அவர் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் வருகைப் புத்தகத்தைப் பதினேழு வருஷம் எழுதியவர். விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் முந்நூறு ரப்பர் பால்மரக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட குரல் அது. மனிதர் நிற்கும்போது படகு நிற்காதா? ஒரே வாரத்தில் சட்டம் தயாரானது. சம்பான் கட்டச் சிவப்புச் சீட்டு. அக்கரையில் வண்டி, சைக்கிள் நிறுத்தப் பச்சைச் சீட்டு. விருந்தாளிப் படகுக்கு வெள்ளைச் சீட்டு. அதை முன்கூட்டியே, வேலை நாளில், ஆபீசில் வாங்க வேண்டும். துரை கையெழுத்துப் போட்டார். டென்னிஸ் நேரம் நெருங்கிவிட்டால் துரை எதற்கும் கையெழுத்துப் போடுவார்.

பிறகு கம்பங்களுக்கு நம்பர். கரைக்குப் பக்கத்தில் இருப்பதுதானே மரியாதையான இடம்? ஆகவே ஒன்றாம் நம்பர், கரையை ஒட்டி, விருந்தாளிகளுக்கு. இரண்டாம் நம்பர் துரைக்கு, மூன்றாம் நம்பர் பெரிய கிராணிக்கு, நான்காம் நம்பர் தமக்கு, அப்புறம் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், கங்காணிமார் என்று தரம் பார்த்து இறங்கி இறங்கிக் கடைசியாக, துறையின் நுனியில், நடு ஆற்றுக்குப் பக்கத்தில், பதினான்காம் நம்பர். அது தினமும் பட்டணத்துக்கு மாட்டுப் பால் கொண்டுபோகும் கருப்பம்மாளுக்கு.

அவள் வந்து பார்த்தாள்.

"கிராணியாரே, ஒண்ணாம் நம்பர்ல தண்ணி நிக்காது. வத்தம் வந்தா வெறும் சேறு."

"நான் தண்ணிக்கு நம்பர் போடல கருப்பம்மா. கம்பத்துக்குத்தான் போட்டிருக்கேன்."

"அப்பச் சரி."

"கடைசி நம்பர்னு வருத்தப்படாதே. எல்லாம் ஒரு முறைதான்."

"வருத்தமா? எனக்கா?" என்று சொல்லிவிட்டு அவள் தன் சம்பானை எப்போதும் ஆழம் குறையாத தண்ணீரில் கட்டினாள். கூலிக்காரர்கள் யாரும் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. வற்றம் வரும்போதெல்லாம் துரை படகும் கிராணிமார் படகுகளும் சேற்றில் படுத்த எருமைகளாகச் சாய்ந்து கிடந்தன; கூலிக்காரர் சம்பான்கள் மிதந்தன. பெரியநாயகம் கலங்கினாரா? துறையில் தொங்கவிட்ட சட்டப் பலகையில் ஒரு வரி சேர்த்தார்: 'உத்தியோகஸ்தர் படகுகள் வற்ற நேரத்தில் ஓய்வெடுக்கும்.'

சட்டத்துக்கு ஒரு காவல் வேண்டும் அல்லவா? காலில் அடிபட்டுப் பால்மரம் சீவ முடியாமல் போன சன்னாசிக்கு ஒரு தொப்பியும் ஊதலும் கொடுத்தார்.

"எங்க அப்பாவே வந்தாலும் சீட்டு கேக்கணும், தெரியுதா?"

"உங்க அப்பாரு செத்துப் போயிட்டாருங்களே?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்யா."

"பேச்சுக்குங்களா, சட்டத்துக்குங்களா?"

"சட்டத்துக்கு!"

"அப்பச் சரிங்க" என்றார் சன்னாசி. அவர் எதையும் ஒரு தடவை கேட்டால் மறக்கமாட்டார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனி ஹில்டா. பெரியநாயகத்தின் ஒரே மகள், வயது இருபத்திரண்டு. முதல் சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தகப்பனார் இருபது கேள்வி கொண்ட படிவம் ஒன்றை அனுப்பியதில் நின்றது. இரண்டாவது மாப்பிள்ளை நேரிலேயே வந்தான்; பலகாரம் சாப்பிட்டான்; பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான்; அக்கரைக்குத் திரும்பிப் போனான். அவனுடைய சைக்கிளில் பச்சைச் சீட்டு இல்லாததால் சங்கிலி போட்டிருந்தார்கள். பட்டணத்துக்கு நடந்தே போனவன் போனவன்தான்.

மூன்றாவதாக ஈப்போவிலிருந்து வந்தது ராஜுவின் சம்பந்தம். ராஜுவின் தகப்பனார் யேசுதாசன் அங்கே ஒரு வியாபாரக் கம்பெனியில் தலைமைக் கிராணி. ஹில்டா ராஜுவை ஒரே தடவை, ஈஸ்டர் பூசையில் பார்த்திருக்கிறாள். பிரசங்கத்தின் நடுவே, சிரிக்கக் கூடாத இடத்தில் அவன் சிரித்தான். அவளுக்கும் அதே இடத்தில்தான் சிரிப்பு வந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா எல்ஸி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாராங்க. மத்தியான ரயிலுக்குத் திரும்பணுமாம். இதுவும் போச்சுன்னா உங்க மகளுக்கும் ஒரு நம்பர் அடிச்சுக் கம்பத்துல கட்டி வச்சிருங்க."

"அன்னிக்குச் சட்டமே கிடையாது எல்ஸி. சன்னாசிகிட்ட நானே சொல்லிருவேன்."

சொல்லியிருப்பார். மனதாரச் சொல்லியிருப்பார். ஆனால் சட்டத்துக்கு விலக்கு என்றால் வாயால் சொன்னால் போதுமா? விலக்குச் சீட்டு என்று ஒன்று வேண்டும். அதற்கு என்ன நிறம்? மஞ்சளா, ஊதாவா? சனிக்கிழமை சாயங்காலம் வரை யோசித்தார். முடிவாகவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குப் படகு வந்தது. முன்னால் தொப்பியும் கழுத்துப்பட்டியுமாக யேசுதாசன், நடுவில் குடை பிடித்த அவர் மனைவி, பின்னால் ராஜு. மலாய்க்காரப் படகோட்டி துறையை நெருங்கினான். சன்னாசி ஊதினார்.

"வெள்ளைச் சீட்டு?"

"நாங்க கிராணி வீட்டுக்கு வாரோம்லா" என்றான் ராஜு.

"கிராணி வீட்டுக்குத்தான் எல்லாரும் வாராங்க தம்பி. சீட்டு?"

தண்ணீர் இறங்குகிறது என்று படகோட்டி கையைக் காட்டி முணுமுணுத்தான். சன்னாசி அசையவில்லை. கரையில் நின்ற ஒருவர் ஓடிப்போய்ச் சொல்ல, பெரியநாயகம் கஞ்சி போட்ட கோட்டின் ஒரு கையை மாட்டியும் ஒரு கையை மாட்டாமலும் ஓடி வந்தார்.

'கட்டவிடு சன்னாசி.' இரண்டே சொல். தொண்டை வரை வந்துவிட்டது. ஹில்டாவின் முகம் அவர் கண்ணுக்குள் வந்தது. எல்ஸியின் முகம் அதைவிடப் பெரிதாக வந்தது. வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துப் படகிலிருந்து யேசுதாசன் கேட்டார்: "வெள்ளை மட்டுந்தானா? வேற நிறமும் இருக்குங்களா?"

அந்தக் கேள்வியைப் பெரியநாயகம் தம் வாழ்நாளில் யாரிடமிருந்தும் கேட்டதில்லை. கூலிக்காரர்கள் சீட்டைத் திட்டியிருக்கிறார்கள், துரை கொட்டாவி விட்டிருக்கிறார், மனைவி சீட்டில் கறிவேப்பிலை மடித்திருக்கிறாள். நிறத்தைப் பற்றி விசாரித்தவர் எவரும் இல்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

"மூணு நிறம்! கொஞ்சம் இருங்க, முறைப்படியே செஞ்சிருவோம்" என்று ஆபீசுக்கு ஓடினார். பூட்டைத் திறந்தார். மூன்று பிரதி எழுதினார். மூன்றாவதில் மை சிந்தியது. மூன்றையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். முத்திரை மை காய்ந்திருந்தது. எச்சில் தொட்டுக் குத்தினார். திரும்பி வந்தபோது மணி பதினொன்று. கரையோரம் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்திருந்தது.

துறையின் நுனியிலிருந்து கருப்பம்மாள் கூவினாள். "பதினாலுல கட்டச் சொல்லுங்க! நான் தள்ளிக்கிறேன்!"

"சம்பந்தியக் கடைசி நம்பர்லயா?" பெரியநாயகத்துக்குப் பதறிவிட்டது. "ஒண்ணாம் நம்பர்! ஒண்ணாம் நம்பருக்கு வாங்க!"

சன்னாசி சீட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். படகு கரையைப் பார்த்துத் திரும்பியது. ஒன்றாம் நம்பருக்கு இருபதடி இருக்கையில் ஒரு நீண்ட, மெத்தென்ற சத்தம். நின்றுவிட்டது. படகோட்டி துடுப்பை ஊன்றினான். துடுப்பு உள்ளே போனது. நீர் இறங்க இறங்கப் படகைச் சுற்றிச் சேறு வெயிலில் மினுங்கத் தொடங்கியது. இனிச் சாயங்காலப் பெருக்குக்குத்தான் நகரும்.

கரையில் கூட்டம் கூடியது. எல்ஸி வந்தாள். பின்னாலேயே ஹில்டா வந்தாள். படகைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். பதினேழு வருஷச் செக்ரோலில் எத்தனையோ பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிய பெரியநாயகம் சீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

படகில் ராஜு குனிந்து பூட்ஸைக் கழற்றினான். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினான். தொபுக்கென்று சேற்றில் இறங்கினான்.

"டேய், கோட்டு!" என்றார் யேசுதாசன்.

"கோட்டு ரயில்ல தனியா வரட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு, அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, அடிக்கு ஒரு தடவை சறுக்கிக்கொண்டு நடந்தான். அம்மா குடையை மடக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஐம்பது பேரும் சத்தம் போட்டார்கள். சத்தத்துக்குத் திரும்பிய ஹில்டா ஓடி வந்து, கிடந்த துடுப்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். குடை பிடிக்காத கையால் அம்மா அதைப் பற்றிக்கொள்ள, அவன் கரையேறினான்.

"சம்பந்தி வீட்டு வாசல் கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு" என்றாள் ராஜுவின் அம்மா, கீழே இறங்கியபடி.

"சேத்துல நடக்க ஏதும் சீட்டு உண்டுங்களா?" என்று ராஜு கேட்டான்.

"உண்டு. இன்னும் நிறம் முடிவாகல" என்றாள் ஹில்டா. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வந்தது.

யேசுதாசன் இறங்க மறுத்துவிட்டார். தலைமைக் கிராணியைத் தூக்கிக்கொண்டு போவதா? "பெருக்கு வரட்டும். முறைன்னா முறைதான்." விருந்தாளியைத் தனியே விட முடியாமல் பெரியநாயகமும் ஒன்றாம் நம்பர்க் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். இடையில் இருபதடிச் சேறு. பேச்சு கூவலாக நடந்தது.

"சீட்டு எத்தன மாசத்துக்கு?"

"மூணு!"

"பிரதி?"

"மூணு!"

"நாலு வைக்கணும்! ஒண்ணு தொலைஞ்சா?"

பெரியநாயகம் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாய்த்ததில்லை.

ஒரு மணிக்குக் கருப்பம்மாள் சேற்றில் இறங்கி, இரண்டு பேருக்கும் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்து கொடுத்தாள். "கல்யாணம் அடுத்த மாசம் ரெண்டாஞ் சனிக்கிழமைங்க. எல்ஸியம்மா சொல்லச் சொன்னாங்க."

"என்னது! நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசவே இல்லியே?" என்றார் பெரியநாயகம்.

"அதான் சீக்கிரமா முடிஞ்சிச்சு" என்றாள் அவள்.

ஹில்டா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். கல்யாணத்தன்று ஊதல் கூடாது, சீட்டு கூடாது. அப்படியே நடந்தது. காலைப் பெருக்கில் படகுகள் அவரவர் நினைத்த இடத்தில் நின்றன; ஒன்றோடொன்று இடிக்கவில்லை. சன்னாசி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். பட்டணத்துக் கோயிலுக்குப் போகப் பெண் பதினான்காம் கம்பத்திலிருந்து கருப்பம்மாளின் சம்பானில் ஏறினாள். அடுத்த படகுக்குக் காத்திருந்த பெரியநாயகம் துறையில் சிதறிக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கை சட்டைப் பைக்குப் போனது. பை காலி. பென்சில் ஹில்டாவின் கைப்பைக்குள் ஆற்றின் நடுவே போய்க்கொண்டிருந்தது.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. 'நம்பரை ஆற்றுப் பக்கத்திலிருந்து போட்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்குமே' என்று நடுவில் எங்கேயோ உங்களுக்குத் தோன்றியதல்லவா? எதற்கும் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள்.