பனிமூட்டத்தில் கேம்ப்ஃபயர் சொன்னது

ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை. வெந்நீரில் குளித்தேன், ஏழுரோடு சந்திப்பில் பால் வாங்கினேன், நான் வேலை பார்க்கும் லாட்ஜின் வரவேற்பு மேசையில் போய் உட்கார்ந்தேன். மாலையில் வழக்கம்போல் கேம்ப்ஃபயர் வந்தான்.

கொடைக்கானலின் இரவு வாழ்க்கை மொத்தமும் அவன் ஒருவன்தான். ஊர் எட்டு மணிக்கே போர்த்திப் படுத்துவிடும். அவனோ எங்கள் புல்வெளியில் விறகை மூட்டி, ஸ்பீக்கரை அலறவிட்டு, மதுரையிலிருந்து வந்த மாமியார்களைக்கூட ஆடவைத்துவிடுவான். ஊரே கேம்ப்ஃபயர் என்று கூப்பிட்டதில், சொந்தப் பெயரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசிப்பான்.

எங்கள் இருவருக்கும் பிடித்தது ஆண்களைத்தான். நான் அதை அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவன் மலைக்கே சொல்லியிருந்தான். பூண்டியிலிருந்து கல்யாணத் தரகர் வந்தபோது, "பொண்ணு வேணாம்ங்க, மாப்பிள்ளை இருந்தாச் சொல்லுங்க" என்றான். தரகர் அசரவில்லை. "கவர்மெண்ட் வேலையா, சொந்தத் தொழிலா?" என்று கேட்டார்.

அப்படிப்பட்டவன், விறகு கொண்டுவரும் ஜீப் டிரைவர் சேவியரிடம் மட்டும் ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. "சொல்லிட்டா வராமப் போயிருவான்ணே" என்பான்.

அன்று பனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. குளிர் தாங்காமல், விறகு இறக்க வந்திருந்த சேவியரின் சிவப்பு மங்கி குல்லாவை வாங்கி மாட்டிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது.

"கோவப்படாத மாப்ள. உன்னப் பாக்கத்தான் சும்மா சும்மா வெறகு தீந்துருச்சுன்னு போன் பண்றேன். கொட்டகையில ரெண்டு வருஷத்துக்கு வெறகு கெடக்கு. உன்ன எனக்கு அம்புட்டுப் பிடிக்கும்."

திரும்பினேன். "ஏலே, நான்டா."

"ஐயோ, அண்ணனா!" என்றவன் சட்டென்று சமாளித்தான். "சரி, கேட்டுட்டீங்க. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். அவன் வாயிலிருந்து அதைக் கேட்க எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். எனக்காகச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். "வெரசாப் போ. வெறகு சமாச்சாரத்த விட்டுராத."

ஜீப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் சேவியரின் குரல் மட்டும் வந்தது.

"எனக்கு அப்படித் தோணல மாப்ள. அதுக்காக வராம இருப்பேனா? அடுத்த சனிக்கெழம எப்ப வரணும், அதச் சொல்லு."

அன்றும் தீ எரிந்தது, மாமியார்கள் ஆடினார்கள். முடிந்ததும் அவன் என் அறைக்கு வந்தான். "வருவான்ணே, அது போதும்" என்று சிரித்தான், பிறகு அழுதான், அழுதபடியே சோபாவில் தூங்கிப்போனான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், அவனைத் தட்டி எழுப்பி, "ஏலே, எனக்கு உன்னப் பிடிக்கும்" என்றேன்.