ஒரு காலுக்குப் பாதித் தொகை

திருமூர்த்தி தன் இடது காலை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காப்பிக்கும் ஊசிக்கும் நடுவில் எடுத்த முடிவு. யாரையும் கேட்கவில்லை. கால் அவருடையது. வாங்கவும் ஆள் இருந்தது. இன்சூரன்ஸ்காரன்.

மண்ணரையில் அவருக்கு ஒரு பனியன் யூனிட். மெஷின் ஓடிய இடத்தில் இப்போது எலி ஓடுகிறது. தைக்க வந்த வடக்கத்திப் பையன்கள் ரயிலேறிவிட்டார்கள். மெஷினையெல்லாம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று மனைவி செல்லாத்தாள் சொன்னாள். மெஷின் தன் உயிர் என்றார் இவர். காலை அப்படிச் சொன்னதில்லை.

குண்டடத்தில் ஒரு சொந்தக்காரரிடம் உதவி கேட்கப் போனார். சொந்தக்காரர் மோர் மட்டும் கொடுத்தார். திரும்பும் வழியில் வெள்ளாடு ஒன்று காருக்குக் குறுக்கே வந்தது. ஒடித்தார். புளியமரம். ஆடு பிழைத்துக்கொண்டது. கார் முன்பக்கம் சுருங்கி, அதற்குள் இவருடைய இடது காலும் சுருங்கியது.

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. எலும்பு நொறுங்கிவிட்டது, கூடச் சர்க்கரை வேறு. காப்பாற்றிப் பார்க்கலாம், திரும்பத் திரும்பக் கத்தி வைக்க வேண்டும், மாசக்கணக்காகும், வலி பொறுக்க முடியாது. இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அன்றைக்கு மாதவன் பார்க்க வந்தான். செல்லாத்தாளின் சித்தப்பா மகன். காருக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். ஆப்பிள் கொண்டுவந்திருந்தான். இவர் ஆப்பிளைப் பார்க்கவில்லை.

"ஏம்ப்பா, தப்பு ஆட்டு மேல. ஆடு எனக்குக் குடுக்குமா?"

"அதுக்குத்தானுங்க மச்சான் தனியா ஒன்னு இருக்குது. அடுத்தவனுக்கு அடிபட்டா ஒரு இன்சூரன்ஸ். ஓட்டுன ஓனருக்கே அடிபட்டா இன்னொன்னு. தப்பு ஆரு மேலன்னு அதுல கேக்கவே மாட்டாங்க. லைசென்ஸ் இருக்கோணும், ஓனரே ஓட்டியிருக்கோணும், அவ்வளவுதானுங்க."

"எவ்வளவு?"

"உசுரு போனா பதினஞ்சு லட்சமுங்க. ரெண்டு காலும் போனாலும் அதேதான்."

"ஒடஞ்ச காலுக்கு?"

"ஒன்னுமில்லீங்க."

"போன காலுக்கு?"

"ஒரு காலுன்னா பாதிங்க."

திருமூர்த்தி தன் இடது காலைப் பார்த்தார். அந்தப் பார்வை மாதவனுக்குப் பிடிக்கவில்லை. ஆப்பிளை வைத்துவிட்டு வெளியே போனான். வெளியே அக்கா செல்லாத்தாள் நின்றிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் சுடலை என்று ஒரு லாரி டிரைவர். திருநெல்வேலிப் பக்கம். போன வாரம்தான் கால் எடுத்தார்கள். அவன் அடிக்கடி எழுந்து குனிவான், இல்லாத கட்டைவிரலைச் சொறியத் தேடுவான், கை வெறும் மெத்தையில் படும், படுத்துக்கொள்வான். ஒருமுறை அழுதான். திருமூர்த்தி பார்த்தார். லாரி முதலாளி பேரில் இருக்கும், இவனுக்குப் பாதி கூடக் கிடைக்காது, பாவம் என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார்.

செல்லாத்தாள் கஞ்சி கொண்டுவந்ததும் சொல்லிவிட்டார்.

"ஏ புள்ள, காலை எடுக்கச் சொல்லீரு."

அவள் கஞ்சியை ஆற்றினாள். "ஏனுங்க?"

"ஒட்டுப் போட்ட பனியனை ஆரு வெச்சுக் கும்பிடறாங்க? செகண்ட்ஸ் மாலு. வந்த விலைக்குத் தள்ளோணும். அந்தக் காசுல நூல் எடுத்துப் போட்டா யூனிட் மறுபடி ஓடும்."

"நீங்க?"

"நான் எதுக்கு ஓடறது? மெஷின் ஓடுனாப் போதும்."

செல்லாத்தாள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். அவள் அழவில்லை. கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஓனரு ஓட்டுனாத்தானுங்களே காசு. வண்டி ஆரு பேர்ல இருக்குதுங்க?"

வாயில் கஞ்சி. விழுங்கினார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொழில் ஆட்டம் காண ஆரம்பித்தால் எங்கள் பக்கத்து முதலாளிகள் முதலில் செய்வது ஒன்றுதான். எல்லாவற்றையும் ஊட்டுக்காரி பேருக்கு மாற்றிவிடுவது. திருமூர்த்தியும் மாற்றினார். ஊடு, யூனிட், மெஷின், எல்லாம். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார், ஒன்றையும் படிக்கவில்லை. என் பேரில் இடுப்பு வேட்டி மட்டும்தான் என்று டீக்கடையில் பெருமை வேறு பேசினார்.

"வண்டியுமா?" என்றார்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்தீங்களே, வண்டிய மட்டும் விட்டிருப்பீங்களா?"

"அப்ப நான்?"

"டிரைவருங்க. சம்பளமில்லாத டிரைவரு. உங்க காலுக்கு அவங்க நயா பைசா தரமாட்டாங்க. என்ர காலுக்குத்தான் தருவாங்க." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வேணும்னா நீங்க எந்திரிங்க, நான் படுத்துக்கறேன்."

மாதவனுக்குப் போன் போட்டார். அக்கா சொன்னால் சரியாகத்தானுங்க இருக்கும் மச்சான் என்று சொல்லி வைத்துவிட்டான்.

விலை போகாத காலை வெட்டி என்ன பிரயோசனம்? வைத்தியம் பாருங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். கத்தி வைத்தார்கள், கம்பி வைத்தார்கள், தொடைத் தோலை எடுத்துக் கீழே ஒட்டினார்கள். வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கத்தினார். ஆஸ்பத்திரிச் செலவுக்குச் செல்லாத்தாள் மெஷின்களை விற்றாள். மெஷின் அவள் பேரில். அதில் பொய்யில்லை. யூனிட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டாள். அதைக் கேள்விப்பட்டதும் திருமூர்த்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஊன்றி நடக்கும்வரை அவளிடம் பேசவில்லை.

ஒரு வழியாக நடந்தார். கோணல் நடை, கையில் தடி. ஆனால் தன் கால்.

மரத்தில் மோதிய கார் வெயிலில் துருப்பிடித்துக் கிடந்தது. தள்ளிவிடலாம் என்று பல்லடம் ரோட்டில் பழைய வண்டி வாங்குகிறவரிடம் போனார். ஓனரை நாளைக்குக் கூட்டிவருகிறேன், ஊட்டுக்காரி பேரில் இருக்கிறது என்றார். வாங்குகிறவர் போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்மா எதுக்குங்க? வாங்கின நாள்லருந்து வண்டி உங்க பேர்லதானுங்க இருக்குது."

திருமூர்த்தி விலை கேட்காமல் திரும்பினார்.

ஊட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. செல்லாத்தாள் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி என் பேர்லதான் இருக்குது."

"தெரியுமுங்க."

"பாதித் தொகை புள்ள. பாதித் தொகை. பொய் சொல்லி என்னை ஏமாத்திப்போட்டயே."

செல்லாத்தாள் கூட்டிக்கொண்டே கட்டில் வரைக்கும் வந்தாள்.

"ரெண்டு காலையும் தூக்குங்க," என்றாள், "அடியில கூட்டோணும்."