எழுபத்துமூன்று வீதம்

"இந்த வசனத்துக்கு ஆதாரம் எங்கே?"

ஆய்விதழ் ஆசிரியரின் மின்னஞ்சலைக் கண்டதும் விரிவுரையாளர் வாகீசனுக்குச் சுர்ரென்று ஏறியது. பதினொரு வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதப் பழக்குகிறவர் அவர். இது அவர் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி.

வசனம் இதுதான்: ‘நீர்வேலி விவசாயிகளில் எழுபத்துமூன்று வீதமானோர் செவ்வாய்க்கிழமைகளில் வாழைக்குலை வெட்டுவதில்லை.’ எடுத்துவிடலாமென்றால் முழுக் கட்டுரையும் அதன் மேல்தான் நின்றது. நாளை மாலைக்குள் கட்டுரை ஏற்கப்படாவிட்டால் பதவி உயர்வு இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அவரிடம் படித்த செந்தூரனே போன மாதம் சிரேஷ்ட விரிவுரையாளராகிவிட்டான். அவனோடு தேநீர் குடிக்கக்கூட வாகீசனுக்கு வெட்கமாயிருந்தது.

வசனத்தை அவர் எடுத்தது தன் மாணவி ஆரணியின் ஆய்வேட்டிலிருந்து. தானே ‘ஏ’ போட்ட ஆய்வேடு, பிழையாயிருக்குமா? அதையே ஆதாரமாகக் காட்டி அனுப்பினார்.

அரை மணியில் பதில் வந்தது. "ஆய்வேட்டிலும் ஆதாரம் இல்லை. மேற்பார்வையாளர் என்று உங்கள் பெயர் இருக்கிறதே?"

வாகீசன் ஆரணிக்கு அழைத்தார்.

"பிள்ளை, உந்த எழுபத்துமூண்டை எங்கையிருந்து எடுத்தனீர்?"

"விவசாயச் சங்கத்தின்ரை வெள்ளிவிழா மலரிலை, சேர். கந்தப்பு எண்டு ஒரு ஐயா எழுதினது."

"ஏன் அதைப் போடேல்லை?"

"போட்டனான் சேர். அடிக்குறிப்புக் கூடிப்போச்செண்டு நீங்கள்தான் வெட்டினனீங்கள்."

வாகீசன் உடனே ஆசிரியருக்கு எழுதினார்: கந்தப்புவை நேரில் கண்டு கதைத்தாயிற்று, கையொப்பமிட்ட கடிதம் வருகிறது. அனுப்பிய பிறகுதான் மனிசன் உயிரோடு இருக்கிறாரா என்ற யோசனை வந்தது.

இருந்தார். மோட்டார் சைக்கிளில் நீர்வேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வீட்டோடு ஒட்டிய தோட்டத்தில் வாழைக்குலை வெட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எல்லே?"

"ஓம். அதுக்கென்ன?"

வாகீசன் வரம்பைத் தாண்டிக் கிட்டப் போனார். "மலரிலை எழுபத்துமூண்டு வீதம் எண்டு எழுதியிருக்கிறியளே! ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?"

"நான் ஏன் கேக்கப் போறன்? படிச்ச ஆக்கள் எழுதிற மாதிரி ஒரு கட்டுரை தாங்கோ எண்டு மலர்க்குழு கேட்டது. மகளின்ரை கம்பஸ் கொப்பியிலை நல்ல வசனமாய் ஒண்டு கிடந்தது, எடுத்துப் போட்டனான்."

"ஐயா, அந்தக் கொப்பியிலை ஆதாரம் ஏதும் இருந்ததோ? என்ரை மானமே உதிலைதான் தொங்குது."

கந்தப்பு வீட்டுப் பக்கம் திரும்பி, கொப்பியைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். மகள் உதயகலா கொப்பியோடு வந்தாள். வாகீசனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா மேலை கிடந்த தலைப்பை விட்டிட்டார், சேர். இஞ்சை பாருங்கோ, உங்கடை முதல் வகுப்பிலை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினது: ‘ஆதாரம் இல்லாமல் ஒருபோதும் எழுதக்கூடாத வசனத்துக்கு ஒரு கற்பனை உதாரணம்.’"