வேலிக்குள் போன துவைக்கிற கல்

பக்கத்து வீட்டு அக்காவின் கல்லில் குழந்தை நனைத்த துணியைக் கசக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் கல் உண்டு. அது இப்போது அரசாங்கப் பாதுகாப்பில் இருக்கிறது.

அந்தக் கல்லோரம் ஒரு செடி. குழந்தையின் சட்டையை அதன்மேல்தான் காயப்போடுவேன். ஒருநாள் தாவரத்துறை அதிகாரி வந்து அதன்முன் குத்தவைத்தார்.

"மூச்சு விடாதீங்கம்மா. உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு!"

"ஐயையோ, அதுமேலயா சட்டை காயப்போட்டேன்!"

"அந்தச் சட்டையையும் ஆவணப்படுத்தணும். குடுங்க."

சட்டை போனது போனதுதான். மறுவாரம் 'மிக அருகிய தாவரம்' என்று பலகை வந்தது, பின்னாலேயே கம்பிவேலி வந்தது. செடியின் சூழலைக் கலைக்கக்கூடாதாம், அதனால் கல் வேலிக்கு உள்ளே. சோப்புத் தண்ணீர் ஆகாதாம், அதனால் நான் வேலிக்கு வெளியே.

"நான் எங்க சார் துவைக்கிறது?" தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அது எங்க துறை இல்லம்மா."

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகைக்காரர் படமெடுத்தபோது செடியை மறைத்துக்கொண்டு அத்தைதான் நின்றார். ஊரில் பாதிப்பேர் அந்த இலை அச்சடித்த பனியனில் திரிந்தார்கள். செடி மட்டும் தண்ணீரில்லாமல் வாட ஆரம்பித்தது.

"செத்துட்டா வேலிய எடுத்துடுவீங்களா சார்?"

"எப்படிம்மா? அழிந்த இடம்னு நினைவுச்சின்னம் வைப்போம். இன்னும் நாலு இடத்துல கிடைச்சு, அங்கயும் வேலி போட்டு உறுதிப்படுத்தினா, இது சாதாரணச் செடி. அப்ப எடுத்துடலாம்."

அப்படித்தான் துணிமூட்டையோடு அக்கா வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் இந்தக் கல்லோரமும் அதே இலை!

"அக்கா, இது..."

"வாய மூடுடி! காலையில ஒண்ணு பிடுங்குனேன், அதுக்குள்ள முளைச்சு நிக்குது. எதிர்வீட்ல கூடை கூடையா பிடுங்கிக் கொட்டுறாங்க. இங்கயும் வேலி போட்டா உன் புள்ள துணிய அதிகாரியா வந்து துவைப்பார்?"

வாசலில் அதிகாரியின் குரல். கணக்கெடுப்பாம்.

"இந்தப் பக்கம் ஏதாவது தென்பட்டுதாம்மா?"

ஒரு வார்த்தை சொன்னால் நாலில் ஒன்று தேறும், என் கல்லும் ஒருநாள் திரும்பும். அக்கா என்னையே பார்த்தாள். என் கை தானாகக் கல்லோரச் செடியை வேரோடு பிடுங்கி வாளித் தண்ணீருக்கடியில் அமுக்கியது.

"ஒண்ணுமில்லீங்க சார்."

"பாத்தீங்களா! தெரு முழுக்கத் தேடியாச்சு. எவ்வளவு அரிய செடின்னு அன்னைக்கே சொன்னேன்ல!" என்று பூரித்துப்போனார். இந்த வருட விருது அவருக்குத்தானாம். இன்னும் வாசலைவிட்டு நகரவில்லை. அத்தை வேறு, குழந்தை அழுகிறான் வா வா என்று கத்துகிறார். இதோ வர்றேன் அத்தை, கையிலிருக்கிற இந்த வேரை மட்டும் எங்கே ஒளிக்கிறதுன்னு...