நாகப்பன் நூல் வெளியீட்டில் நான் ஆற்றிய ஆய்வுரை

ஆகஸ்டு பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பிரிக்பீல்ட்சில் மழை அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. நான் கெடுத்த காரியங்கள் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் இந்த ஒன்றைத்தான் எங்கள் வீட்டில் விருந்தாளி வரும்போதெல்லாம் காப்பியோடு சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

நில அளவை இலாகாவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். என் நண்பன் நாகப்பன் கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாற்பது ஆண்டுகள் ஞாயிறு மலர்களுக்குக் கதை எழுதியவன். எழுபத்தொரு வயதில் அவனுடைய முதல் புத்தகம் வெளிவருகிறது. ஆய்வுரை நான்தான் ஆற்ற வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டான்.

"காஜாங்லேர்ந்து சம்பந்தி வராருடா. நான் ஏதோ கிறுக்கிட்டு இருக்கேன்னுதான் இத்தன வருஷமா நெனைச்சிட்டு இருக்காரு. அவரு முன்னால ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டா போதும் லா."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினோரு நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். (என் மனைவி கமலத்தைப் பற்றிக்கூட இவ்வளவு நல்லதாக நான் எழுதியதில்லை. கமலமே சொன்னது.)

அன்று எனக்குச் சளி. ஒரு மாத்திரை போடச் சொன்னார்கள். இரண்டு போட்டால் இரண்டு மடங்கு குணமாகும் என்று கணக்குப் போட்டேன். கிள்ளானில் ரயில் ஏறி நிலையங்களை எண்ணிக்கொண்டு வந்தவன், ஐந்தாவது நிலையத்துக்கு மேல் எண்ணியதாக நினைவில்லை. கமலம் எழுப்பி இறக்கினாள். அதன் பிறகு எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பது போலிருந்தது. மாடிப்படிகள் பஞ்சு போல் அமுங்கின. மண்டபத்தில் பன்னீர் மணத்தது. ஆறு காற்றாடிகள் மெல்லச் சுழன்றன. அவற்றின் கீழே எண்பத்து மூன்று தலைகள் தண்ணீரில் தாமரை இலைகள் மிதப்பது போல் அசைந்தன.

நம் ஊர் வழக்கம் தெரியுமல்லவா? நூல் வெளியீடு என்றால் ஒவ்வொருவராக மேடையேறி, எழுத்தாளர் கையில் உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். என் சட்டைப் பையில் இரண்டு வெள்ளை உறைகள் இருந்தன. ஒன்றில் ஐம்பது வெள்ளி நோட்டு. மற்றொன்றில், மழையில் நனையாதிருக்க மடித்து வைத்த ஆய்வுரை. முதலில் உரை, பிறகு உறை என்பதுதான் நிகழ்ச்சி நிரல். ஆனால் தலைமை தாங்க வந்த, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்ததால், வெளியீட்டை முன்னால் நகர்த்திவிட்டார்கள்.

நானும் வரிசையில் மிதந்து போனேன். உறையை நீட்டினேன். அதன் கனத்தைக் கையில் உணர்ந்ததும் நாகப்பனின் முகம் மலர்ந்துவிட்டது.

"எதுக்குடா இவ்ளோ?" என்று காதோரம் கேட்டான்.

"உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" என்றேன், பெருந்தன்மையாக.

அரை மணி நேரம் கழித்து, அறிவிப்பாளராக வந்திருந்த இளம் ஆசிரியை என்னைப் பேச அழைத்தார். ஒலிபெருக்கி முன் நின்று உறையைப் பிரித்தேன். ஐம்பது வெள்ளி நோட்டு வெளியே வந்தது. மடிப்பை நீக்கிப் பார்த்தேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அதில் நாகப்பனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எழுதியது எதுவும் நினைவுக்கு வரவில்லை. எண்கள் மட்டும் வந்தன.

"இந்த நூலில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்," என்று தொடங்கினேன். என் குரல் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போல் எனக்கே கேட்டது. "பதினெட்டுக் கதைகள். மூன்று திருமணம், ஏழு மரணம், ஒரு மாடு."

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு இதமான வெந்நீர் போல் என் மேல் வழிந்தது. எனக்குப் பேச்சு வருகிறது என்று நினைத்துவிட்டேன்.

"அறுபத்தொரு அச்சுப்பிழைகள்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்கையா, இத்தன பிழை வர்ற வரைக்கும் புத்தகத்தைப் பாத்தது யாரு?"

நாகப்பன் எழுந்தே விட்டான். "பிரஸ்ல பாத்தாங்க சம்பந்தி. அவனுங்க சரியில்ல."

ஆனால் எல்லார் மடியிலும் புத்தகம் இருந்தது. எண்பத்து மூன்று புத்தகங்கள் ஒரே நேரத்தில் புரளும் ஓசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. புறாக்கூட்டம் எழும்புவது போல் அத்தனை அழகாக இருந்தது. கண்ணை மூடிக் கேட்டேன்.

"அங்கிள்," என்றார் ஆசிரியை, ஒலிபெருக்கி பக்கத்தில் இருப்பதை மறந்து. "நாலாம் பக்கத்துல, பிழைதிருத்தம்னு உங்க பேருதான் போட்டிருக்கு."

உண்மைதான். அச்சுக்குப் போகுமுன் இரண்டு முறை படித்து, பிழையே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அச்சாகி வந்த பிறகுதான் அறுபத்தொன்றும் கண்ணில் பட்டன. யாரிடமும் சொல்லாமல் ஒன்பது நாள் மறைத்து வைத்திருந்தேன். அதை நண்பனின் ஒரே மேடையில் போட்டு உடைத்தேன். அவனோ என்னைக் காப்பாற்ற, அச்சகத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் தொலைபேசினான்.

"உன் கவர பிரிச்சேன். பணம் இல்ல. நாலு பக்கம் இருந்துச்சு."

"படிச்சியா?"

"ரெண்டு தடவ. சரசுவும் படிச்சா. அழுதுட்டா. அப்புறம் அம்பது வெள்ளி எங்கன்னு கேட்டா."

சரசு அவன் மனைவி. கேட்டது நியாயந்தான். அன்று மாலையே ஐம்பது வெள்ளியோடு போய்ச் சேர்ந்தேன். நாகப்பன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சம்பந்தி நிகழ்ச்சியிலிருந்து ஒன்றும் பேசாமல் போய்விட்டார் என்று மட்டும் சொன்னான்.

பத்தொன்பது நாள் கழித்து, நானும் நாகப்பன் வீட்டில் இருந்தபோது, சம்பந்தி வந்தார். கையில் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்க. நான் எண்ணிப் பாத்தேன். அறுபத்து நாலு," என்றார் என்னிடம்.

என் வாழ்நாளில் எண்ணிக்கையில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

பிறகு நாகப்பன் பக்கம் திரும்பினார். "தப்பு தேடத்தான் ஆரம்பிச்சேன் சம்பந்தி. அந்த மாட்டுக் கதையில தேடவே மறந்துட்டேன். அதுல இன்னும் இருக்கலாம்."

நாகப்பன் சம்பந்திக்கு வைத்த தேநீரைத் தானே எடுத்துக் குடித்துவிட்டான்.

இரண்டாம் பதிப்பு வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. "தப்பு விட்டவரே காசு போட்டுக் குடுக்கட்டும்," என்றார் சரசு. யாரும் மறுக்கவில்லை, நான் உட்பட. புதிய நான்காம் பக்கத்தில், பிழைதிருத்தம் என்ற இடத்தில் சம்பந்தியின் பெயர் ஏறியது. என் பெயர் பொருளுதவி என்ற இடத்துக்கு இறங்கியது. இப்போது நான் கடையில் மீதிச் சில்லறையை எண்ணினால், "மூணு விட்டுப்போச்சா பாருங்க," என்கிறாள் கமலம். பேரப்பிள்ளைகள்கூடச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

முந்நூறு புத்தகத்துக்கான அச்சுக்கூலி, தாமதமாகக் கொடுத்த ஐம்பது வெள்ளி, அந்த இரண்டு மாத்திரை, எல்லாம் சேர்த்து: மூவாயிரத்து இருநூற்று நான்கு வெள்ளி இருபது சென்.