மீனாச்சி வீட்டுத் தொட்டியில் நான் கொட்டிய வெள்ளைத் தூள்

சந்தேகப்படுவதற்கு ஆதாரம் தேவையில்லை. ஓய்வு நேரம் இருந்தால் போதும். கல்யாணமான புதிதில் எனக்கு அது ஏராளமாக இருந்தது.

மலாய் நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய சமயம். காஜா பேராங்கில் வாடகை வீடு. என் வீட்டுக்காரருக்கு ஜாலான் பெண்டஹாராவில் ராவுத்தர் ஒருவரின் மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனாலும் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எங்க போறீங்க?"

"சும்மா ஒரு வேலை."

(சும்மா என்றால் அது எப்படி வேலை? வேலை என்றால் அது எப்படிச் சும்மா?)

சாயங்காலம் திரும்பும்போது மேலெல்லாம் செராய்ப் புல் தைலம் மணக்கும். கொசு விரட்டப் பூசுகிற தைலம்தான். ஆனால் பகலில் ஏது கொசு?

ஒருநாள் துணி துவைக்கும்போது சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கிடைத்தது. உள்ளே வெள்ளைத் தூள். முகர்ந்து பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் ஓடினேன். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"வசிய மருந்துடி சரசு! இங்க இதை குணா-குணான்னு சொல்லுவாங்க. உன் புருசனுக்கு எவளோ வெச்சிட்டா."

"இப்ப என்னக்கா செய்ய?"

"தண்ணியில கரைச்சா வேகம் செத்துடும். ஆனா அவ வீட்டுல இருக்கிற மொத்தத்தையும் கரைக்கணும்."

அடுத்த ஞாயிறு, பொட்டலத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, குடையால் முகத்தை மறைத்தபடி அவர் பின்னாலேயே போனேன். (மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை. தெருவே என்னைத்தான் பார்த்தது.) பாதி வழியில் வேர்த்தது. வேர்த்ததும் என் மேலிருந்தே செராய் வாசனை கிளம்பியது! மருந்து என்னையும் பிடித்துவிட்டது என்று நடையை எட்டிப் போட்டேன்.

அவர் நுழைந்தது பலகாரம் செய்து விற்கும் மீனாச்சியின் வீடு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து தமிழை மறந்துவிட்ட செட்டி சமூகத்துப் பெண். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, பேச்சு முழுக்க மலாய். தலையில் பூ வேறு. சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மனிதர், தரையில் உட்கார்ந்து, முட்டை அடிக்கும் கம்பியால் ஒரு சட்டியில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "லாகி! லாகி!" என்று அதட்டினாள். இன்னும், இன்னும் என்று அர்த்தம்.

வசியத்தைக்கூட மன்னித்திருப்பேன். அந்தச் சட்டியை மன்னிக்க முடியவில்லை.

உள்ளே பாய்ந்தேன். மேசை மேல் தட்டுத் தட்டாக வெள்ளைத் தூள்.

"சரசு! அது..."

"பேசாதீங்க!"

அத்தனையையும் வாரிக்கொண்டுபோய்க் குளியலறைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

"ஹாபிஸ்!" என்றாள் மீனாச்சி. எல்லாம் போச்சு என்பதை அவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை.

தண்ணீர் பாலாக மாறியது. மறு நிமிஷம் செராய் வாசனை குபீரென்று கிளம்பி எல்லார் கண்ணிலும் நீர் வரவழைத்தது. அண்டை வீட்டார் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, மூக்கில் துண்டோடு வந்தவர் ராவுத்தர்! அன்றைக்குத் தூளைப் பார்க்க அவரை வரச் சொல்லியிருந்தாராம் இவர்.

"பலகாரத்துக்கு முட்டை அடிக்கிற இவங்ககிட்ட அடிக்கக் கத்துக்கிட்டு, வேலம் பிசின் தண்ணியில தைலத்தை அடிச்சுக் காய வெச்சேன் முதலாளி," என்றார் என் வீட்டுக்காரர், ஏறக்குறைய அழுகையோடு. "ஒவ்வொரு தைலத் துளியையும் பிசின் மூடிக்கும். காஞ்சிருக்கிற வரைக்கும் வாசனை வெளிய போகாது. தண்ணி பட்டாத்தான் திறக்கும்."

"எப்பச் செஞ்சது?"

"ரம்ஜானுக்கு முன்னாடி."

"புட்டியில இருந்தா இந்நேரம் பாதி பறந்திருக்குமே! இது கண்ணைக் கரிக்குது!" ராவுத்தர் குதூகலமானார். "சபாஷ் தம்பி! மிச்சத்தை எடுத்துட்டு வா, கடையில வெச்சுப் பார்ப்போம்."

எல்லாரும் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் தூள் மறுபடி அப்படி வாய்க்கவே இல்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது, காய வைத்ததெல்லாம் ஈரத்தில் வெல்லக்கட்டியாக இறுகியது. ராவுத்தரும் சலித்துப்போய்ப் புட்டிகளுக்கே திரும்பிவிட்டார். நான்தான் தண்டனையாக ஞாயிறுதோறும் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டி அடித்தேன். கை ஓய்ந்தால் மீனாச்சி விடமாட்டாள்: "லாகி, சரசு, லாகி!"

இன்றைக்கும் கல்யாண வீட்டில் நான் கை கழுவ எழுந்தால் போதும், என் பெரிய மகள் பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்:

"அம்மா வர்றாங்க, தொட்டியை மூடுங்க!"