துணைக்குப் போன எனக்கு ஆபரேஷன்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. சாந்தியை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போகணும். அன்னைக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

சாந்தி என் சம்சாரம். எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. மூணாவது வேணாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியாச்சு. அதுக்கு என்ன வழின்னுதான் டாக்டர்கிட்ட கேக்கணும்.

"நீங்களும் வாங்க"ன்னா.

"இது பொம்பளைங்க விஷயம், நான் எதுக்கு?"ன்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேன். வெளியில, "கண்டிப்பா வர்றேன் சாந்தி. இதெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு"ன்னேன். ஓசூர்ல ஒரு கம்பெனியில நான் க்வாலிட்டி இன்ஸ்பெக்டர். மீட்டிங்ல இப்படிப் பேசிப் பேசிப் பழக்கம்.

என் திட்டம் சிம்பிள். அவளை உள்ள அனுப்பிட்டு, பைக் மேல உக்காந்து போன் பாக்கறது.

ஆஸ்பத்திரி ஹால் நிறைய பொம்பளைங்க. நடுவுல நாலஞ்சு ஆம்பளைங்க. எல்லாரும் கரன்ட் பில்லு கட்ட வந்தவங்க மாதிரி மூஞ்சியை வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதுல ஒருத்தன் மஞ்சுநாத். எங்க லைன்ல மெஷின் ஓட்டறவன். வீட்டுல கன்னடம், கம்பெனியில தமிழ்.

"என்ன சார் இந்தப் பக்கம்?"

"சும்மா, சாந்திக்கு ஜெனரல் செக்கப். நீ?"

"எங்க வீட்டுலயும் ஜெனரல்தான் சார்."

ரெண்டு பேரும் திரும்பி ஃபேனைப் பாத்துக்கிட்டோம்.

சாந்தி உள்ள போனா. நான் மெதுவா வாசப்பக்கம் நகர்ந்தேன். நர்ஸம்மா வந்து, "சாந்தி வீட்டுக்காரர் யாரு? மேடம் உள்ள வரச்சொல்றாங்க"ன்னாங்க.

டாக்டரம்மாவுக்கு எங்கம்மா வயசிருக்கும். உக்காரச் சொல்லிட்டு, ஒவ்வொரு வழியா எடுத்துச் சொன்னாங்க.

மாத்திரை? சாந்திக்கு பிபி இருக்குது, அதனால வேணாம்னுட்டாங்க. காப்பர்-டி? பெரியவ பொறந்தப்புறம் போட்டு, ரத்தப்போக்கு ஜாஸ்தியாகி எடுத்தாச்சு. ஊசி? "மாசக்கணக்கு முன்னபின்ன ஆகும்மா"ன்னாங்க. சாந்தி வேணாம்னா.

"அப்ப ஆபரேஷன்தான் மேடம்"னு நான் பெருந்தன்மையா சொன்னேன். "சிசேரியன் அப்பவே பண்ணிருக்கலாம். பிபி ஏறிடுச்சுன்னு விட்டுட்டாங்க. இப்ப பண்ணிடலாம்."

"பண்ணலாம். ஆனா அவங்களுக்கு ஏற்கனவே ரெண்டு தடவை வயித்துல கத்தி வெச்சிருக்குது. மறுபடி மயக்க மருந்து, மறுபடி பிபி. எதுக்கு?"

எனக்கு எங்கயோ இடிச்சிது. "உறைன்னு ஒண்ணு இருக்குதே மேடம்"னேன்.

சாந்தி டாக்டரைப் பாத்து நிதானமா சொன்னா. "இவர் அதைப் பயன்படுத்தின லட்சணம், யூகேஜி படிக்குது மேடம்."

டாக்டரம்மா சிரிக்கல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. என் பக்கம் திரும்பினாங்க.

"ஆம்பளைங்களுக்குப் பண்றது ரொம்பச் சின்ன வேலைங்க. சின்னதா ஒரு துளை, தையல்கூட இல்ல. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். நீங்க பண்ணிக்கலாமே."

ஏசி ரூம்ல எனக்கு முதுகு நனைஞ்சுது.

"இல்லீங்க மேடம், எனக்கு வெயிட் தூக்கற வேலை."

"ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. ஒரு வாரம் வெயிட் வேணாம். என்ன தூக்குவீங்க?"

"பார்ட்ஸ்."

"எவ்வளவு கனம் இருக்கும்?"

நான் பேசறதுக்குள்ள சாந்தி பேசிட்டா. "வாட்ச் கனம் இருக்கும் மேடம். அதையும் ஹெல்பர்தான் எடுத்துக் குடுப்பாரு."

"யோசிச்சு சொல்றேன்"னு எழுந்துட்டேன். அப்போ நர்ஸம்மா கதவைத் திறந்தாங்க. டாக்டரம்மா, "சாருக்கு வாசெக்டமி பத்தி விவரம் சொல்லி அனுப்பு"ன்னாங்க.

நர்ஸம்மா ஹாலோட அந்தக் கடைசியில இருந்த இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு, "இந்த சாருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், விவரம் சொல்லு"ன்னு தமிழ்ல சொன்னாங்க. அங்க கேக்கல போல. தெலுங்குல சொன்னாங்க. அதுவும் கேக்கல. கன்னடத்துல சொன்னாங்க.

ஹால்ல இருந்த அத்தனை பேருக்கும் அவங்கவங்க தாய்மொழியில விஷயம் போய்ச் சேர்ந்துச்சு. மஞ்சுநாத்துக்கு ரெண்டு மொழியில.

திங்கக்கிழமை கம்பெனி பஸ்ல ஏறினேன். எப்பவும் நின்னுக்கிட்டு வர்ற எனக்கு ஒருத்தர் எழுந்து இடம் விட்டாரு. "உக்காருங்க சார். இந்த நேரத்துல நிக்கக்கூடாது."

லைனுக்குப் போனா, சூப்பர்வைசர் எனக்குன்னு ஒரு சேர் போட்டு வெச்சிருந்தாரு. நேர் மேல ஃபேன். "ஒரு வாரம் உக்காந்தே இன்ஸ்பெக்ஷன் பண்ணுங்க. உங்களை மாதிரி தைரியசாலி எங்க கிடைக்கறாங்க"ன்னாரு.

"நான் இன்னும் பண்ணிக்கல சார்"னு சொல்ல வாயைத் திறந்தேன். ஃபேன் காத்து நல்லா இருந்துச்சு. மூடிக்கிட்டேன்.

டீ டைம்ல மஞ்சுநாத் வந்து, ஆச்சான்னு கன்னடத்துல கேட்டான். "ஆயித்தா சார்?"

"ம்"னேன். 'ம்'னா என்ன அர்த்தம்னு அவங்கவங்க எடுத்துக்கறதுதானே.

அப்புறம் ஒவ்வொருத்தரா தனித்தனியா வந்தாங்க. குரல் மாறுமான்னு ஒருத்தர். மீசை கொட்டுமான்னு ஒருத்தர். பர்கூர்ல இருந்து வர்ற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், பைக் ஓட்டலாமான்னு கேட்டாரு. எல்லாருக்கும் பதில் சொன்னேன். அந்த வாரம் முழுக்க, நான் பண்ணிக்காத ஆபரேஷனுக்கு நான்தான் அந்தக் கம்பெனியில நிபுணர்.

மஞ்சுநாத் கடைசியா வந்து, "வலிச்சிதா சார்? நிஜம் சொல்லுங்க"ன்னான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல மஞ்சு."

அது சத்தியமான உண்மை. எனக்கு ஒண்ணுமே தெரியாது.

அடுத்த வாரம் மஞ்சுநாத் லீவு. ரெண்டு நாள் கழிச்சு மெதுவா நடந்து வந்தான். போய்ப் பண்ணிக்கிட்டு வந்துட்டான்.

அது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி சாந்திக்குத் தெரிஞ்சிடுச்சு. உழவர் சந்தையில மஞ்சுநாத் பொண்டாட்டி அவ கையைப் பிடிச்சிக்கிட்டு, "அண்ணன் பண்ணிக்கிட்டதைப் பாத்துதான்க்கா எங்க வீட்டுக்காரரும் போனாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு சொல்லிருக்கா.

சாந்தி வீட்டுக்கு வந்து கீரைக்கட்டை வெச்சிட்டு எதிர்ல உக்காந்தா.

"உங்களுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சாமே. எங்கிட்ட யாரும் சொல்லல."

நான் சிரிச்சுப் பாத்தேன். அவ சிரிக்கல.

"ரெண்டாவது பிரசவத்துல பிபி ஏறினப்ப, எங்கப்பா கெலமங்கலத்துல இருந்து கிடைச்ச வண்டியில ஏறி ஓடி வந்தாரு. முழிப்பனா மாட்டனான்னு டாக்டருக்கே தெரியல. இன்னைக்கும் மாசாமாசம் ஒரு நாள் தள்ளிப்போனா எனக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. நீங்க என்னடான்னா ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஆலோசனை சொல்றீங்க."

சத்தமே போடல. சொல்லிட்டுக் கீரையை ஆய ஆரம்பிச்சிட்டா. நானும் பக்கத்துல உக்காந்து ஆய்ஞ்சேன். காம்பைக் கிண்ணத்துல போட்டு, இலையைக் குப்பையில போட்டேன்னு அப்புறம்தான் பாத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன்.

இப்ப ஒரு சிக்கல். லீவு கேக்கணும். கம்பெனி கணக்குல எனக்கு ஆபரேஷன் ஏற்கனவே ஆயிடுச்சு. மறுபடி அதையே சொன்னா, முதல் தடவை என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. "பல் புடுங்கணும் சார்"னு சொல்லிட்டேன்.

ஆபரேஷனைப் பத்திச் சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. மரத்துப்போற ஊசி குத்தினாங்க, அது சுருக்குன்னுது. அப்புறம் நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருந்தேன். "எழுந்திரிங்க"ன்னாங்க.

"ஏன் மேடம், இன்னைக்கு இல்லையா?"

"முடிஞ்சிடுச்சுங்க. ஆனா உடனே பலன் கிடையாது. மூணு மாசம் வேற பாதுகாப்பு வேணும். அப்புறம் டெஸ்ட் பண்ணி நான் சொன்னாதான் நிறுத்தணும்."

"அந்த மூணு மாசத்துக்கு நான் பாத்துக்கறேன் மேடம்"னா சாந்தி. என்னை நம்பி விடறதா இல்ல.

ரெஸ்ட் முடிஞ்சு வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பாத்தாரு.

"பல்லுன்னுதான சொன்னீங்க? எதுக்குக் காலை அகட்டி நடக்கறீங்க?"

"கடவாப்பல் சார்"னேன்.

அவர் தலையாட்டிக்கிட்டே போயிட்டாரு. மஞ்சுநாத் போகல. மெஷினை நிறுத்திட்டு என் நடையையே பாத்தான். பத்து நாளைக்கு முன்னாடி அவன் நடந்த நடை அது. எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. "தப்பா நெனைக்காத மஞ்சு, நான் சொன்னதை நம்பி நீ போயிட்ட"ன்னு ஆரம்பிச்சேன்.

"அய்யோ, வலிக்கலன்னு நீங்க சொன்னதை யாரு சார் நம்பினா?"ன்னான். "கம்பெனியில ரத்த டெஸ்ட் கேம்ப் வெச்சா லீவு போடற ஆளு நீங்க. உங்களாலயே முடிஞ்சிதுன்னா, எவனாலயும் முடியும்னுதான் சார் போனேன்."

கம்பெனியில என் மேல இவ்வளவு பெரிய நம்பிக்கை இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.